அம்பலவாணர் காரின் பின் சீட்

ஹாலிஎலயிலிருந்து பதுளைக் கச்சேரிக்கு, அதாவது மாவட்ட அரசாங்கக் கந்தோருக்கு, வேலைக்குப் போக வழிகளுக்கா பஞ்சம்? ரயில் இருந்தது, பஸ் இருந்தது, கச்சேரிக் கிளாக்கர் சிவசுப்பிரமணியத்திடம் ஒரு சைக்கிள் இருந்தது, கால்கள் எல்லாரிடமும் இருந்தன. மூத்த கிளாக்கர் அம்பலவாணர் மட்டும் காரில் போவார். தனியாகப் போவார்.

ஐம்பத்தாறில் ஒரு தோட்டத் துரை சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன பழைய ஆஸ்டின் அது. அதை வாங்கிய நாளிலிருந்து எங்கள் முகங்கள் அவருக்கு மறந்துபோயின. காலையில் தேயிலை லொறிகளும் மரக்கறி வண்டில்களும் பஸ்களும் பதுளை வீதியை அடைத்துக்கொள்ளும். "ரோட்டிலை கண்டதெல்லாம் நிக்குது, மனிசர் வேலைக்குப் போறேல்லையோ" என்று கச்சேரிக்கு வந்து சலித்துக்கொள்வார். நாலு பேர் உட்காரக்கூடிய வண்டியில் ஒற்றை ஆளாக வந்து அந்த நெரிசலைக் கூட்டியவர்களில் தானும் ஒருவர் என்ற எண்ணம் அவருக்கு வந்ததே இல்லை.

ஆனால் மலைக் குளிரில் அந்தக் கார் தானாகக் கிளம்பாது. அவர் வீடு பள்ளத்தில். அங்கிருந்து பஸ் நிற்கும் மேடு வரைக்கும் நாலு பேர் தள்ள வேண்டும். மேட்டைத் தாண்டினால் இறக்கம். உருண்டபடியே எஞ்சின் பிடித்துக்கொள்ளும். தள்ளியவர்கள் பஸ்ஸுக்குக் காத்து நின்ற நாங்கள்தான்: நான், என்னோடு வேலை பார்த்த தர்மராசா, தபால் கந்தோர் ஷுக்ரி, ஆஸ்பத்திரியில் வேலை செய்த மாடசாமி.

முதல் நாள் தர்மராசா ஓடிப்போய், "ஐயா, எங்களையும் ஏத்திக்கொண்டு போங்கோவன்" என்று கேட்டான்.

"நிப்பாட்டினா எஞ்சின் நிண்டு போம், தம்பி" என்றபடி அவர் போயே போய்விட்டார்.

பச்சைப் பொய். அந்த இறக்கத்தில் நின்றாலும் மறுபடி உருட்டி எடுக்கலாம். அது தெரிந்தும் தினமும் தள்ளினோம். என்னுடைய, தர்மராசாவுடைய லீவுக் கடுதாசிகள் அவர் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். மற்ற இரண்டு பேரும் எங்களுக்காகத் தள்ளினார்கள். எங்களுக்கும் வெட்கம் இருக்கவில்லை.

அப்போது தலைமைக் கிளாக்கர் பதவி காலியானது. அம்பலவாணருக்கு அது பல வருஷக் கனவு. அவரையும் சிவசுப்பிரமணியத்தையும் திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு நேரில் பார்த்து முடிவு சொல்வதாகக் கச்சேரித் தலைவரான அரசாங்க அதிபர் அறிவித்தார். நேரம் தவறினால் மனிதர் மன்னிக்க மாட்டார். பதவி கிடைத்தே விட்டதென்று அம்பலவாணரின் மனைவி லீலாதேவி அதற்குள் ஊரெல்லாம் சொல்லி முடித்திருந்தார்.

அந்தத் திங்கட்கிழமை மழை. மாடசாமி வரவில்லை. அவருடைய பாரமும் உள்ளே இருக்க, மூன்று பேர் தள்ளியும் கார் அசையவில்லை. அம்பலவாணர் மணியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். கடைசியில் கோட்டைக் கழற்றிப் பின் சீட்டில் மடித்து வைத்தார். கார் ஓட்டத் தெரிந்த, எலும்பும் தோலுமான தர்மராசாவை ஸ்டியரிங்கில் உட்காரச் சொல்லிவிட்டு, எங்களோடு சேற்றில் இறங்கித் தள்ளினார்.

மேட்டுக்கு வந்ததும் கார் உருளத் தொடங்கியது. நானும் ஷுக்ரியும் கதவைத் திறந்து பாய்ந்து ஏறிக்கொண்டோம். அவர் இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். எஞ்சின் பிடித்துக்கொண்டது.

"நில்லுங்கோ, நில்லுங்கோ" என்று பின்னால் குரல் வந்தது.

தர்மராசா தலையை வெளியே நீட்டி மிகப் பணிவாகச் சொன்னான்: "நிப்பாட்டினா எஞ்சின் நிண்டு போம், ஐயா."

எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அவரைத் தோட்டத்து லொறி ஒன்று ஏற்றியது. பதுளைக் கோயிலுக்குப் போகிற கூட்டத்தால் அது பிதுங்கியிருந்தது. "ஏறுங்கய்யா, நாங்க ஒதுங்கிக் குந்திக்கிறோம், எடமிருக்கு" என்றாளாம் தேயிலைக் கொழுந்து பறிக்கும் ரெங்கம்மா. அந்த லொறி கை காட்டியவர்களுக்கெல்லாம் நின்று நின்று போனது. எந்த இடத்திலும் எஞ்சின் நின்று போகவில்லை. ஆனால் ஒன்பது மணி போய்விட்டது.

சேறு படிந்த சட்டையோடு முன்னால் வந்து நின்றவரை அதிபர் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியே வெளியே பார்த்தார்.

"உமது கார் நேரத்துக்கு வந்துவிட்டது. கோட்டும் வந்துவிட்டது. நீர் எங்கே போனீர்?"

மழையில் தொப்பலாக நனைந்து, ஒன்பதுக்கு முன்பே வந்து நின்ற சிவசுப்பிரமணியத்துக்குப் பதவி கிடைத்தது.

மறுநாள் காலை அம்பலவாணர் மேட்டுக்கு நடந்து வந்து எங்களோடு பஸ்ஸுக்கு நின்றார். புதிய தலைமைக் கிளாக்கர் சைக்கிளில் எங்களைக் கடந்து போனார். பின்னால் கரியரில் மாடசாமி உட்கார்ந்திருந்தான்.