நாற்பதாவது டியூப்

கோகிலவாணி இரண்டு உள்ளங்கைகளையும் சூடு ஏறும்வரை தேய்த்துக்கொள்கிறாள். கொல்லிமலைக் குளிரில் ஊசி குத்துவதைவிட அவளுடைய விரல் படுவதற்குத்தான் வயதானவர்கள் அதிகம் துள்ளுகிறார்களாம். கை சூடான பிறகே எதிரில் இருக்கும் சின்னுசாமியின் முழங்கை மடிப்பைத் தொடுகிறாள். இரண்டு விரல்களால் நரம்பைத் தேடி, கண்ணை மூடி, நிதானிக்கிறாள். "எம் பொண்டாட்டிக்குச் சொன்னியே, அதாட்டம் எனக்கும் வயசு சொல்லு சாமி" என்று அவர் கேட்கிறார். அவள் சிரிக்கவில்லை. "அதெல்லாம் இப்பச் சொல்றதில்லீங்க அப்புச்சி. கார்டுல இருக்கறதே போதுமுங்க."

போன வருஷம்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். கையைத் தொட்டு அவள் சொன்ன வயதுக்கும் ஆதார் அட்டைக்கும் ஒன்றிரண்டு வருஷத்துக்கு மேல் வித்தியாசம் வராது. செம்மேட்டில் அவளுக்கு ரத்தம் எடுக்கிற பெண் என்பதைவிட வயசு சொல்கிற பெண் என்றுதான் பெயர்.

முப்பத்தாறு வயது. நாமக்கல்லில் லேப் டெக்னீஷியன் படிப்பு, பதினொரு வருஷ வேலை. ஒல்லியான உடம்பு, வேகமான நடை. சட்டைப் பையில் பிளாஸ்திரியும், இன்னொரு பையில் வறுத்த நிலக்கடலையும் இருக்கும். தோளில் ஐஸ் பெட்டி, கையில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில். காலை பதினொரு மணிக்குள் அந்தத் தண்ணீர் தீர்ந்துவிடும். டியூப்பில் லேபிள் ஒட்டும்போது எண்ணை மூன்று முறை வாய்விட்டுப் படிப்பாள். அந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் பதில் வராது.

இரண்டு வருஷங்களுக்கு முன் கீழே சமவெளியிலிருந்து ஓர் ஆராய்ச்சிக் குழு மலைக்கு வந்தது. ரத்தத்தில் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்று மிக நுண்ணிய துணுக்குகள் ஓடுகின்றன. வயது ஏற ஏற, காய்ச்சலோ வலியோ காட்டாமல் உடம்புக்குள் ஓர் அழற்சி மெல்லக் கனலும். அப்போது அந்தத் துணுக்குகளில் சிலவற்றின் அளவு மாறுகிறது. மலையில் வாழும் முதியவர்களிடம் அது எப்படி இருக்கிறது என்று பார்க்க அறுபது பேரின் ரத்தம் வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க நாற்பது வயதுக்குக் குறைந்தவர்கள் நாற்பது பேர். ரத்தம் எடுக்கும் வேலை கோகிலவாணிக்குக் கிடைத்தது. விஞ்ஞானி சுமித்ரா அரை மணி நேரம் விளக்கியதை அவள் ஊர்க்காரர்களுக்கு இரண்டே வரியில் சொன்னாள். "ரத்தத்துல துண்டுச் சீட்டாட்டம் சின்னச் சின்னதா ஓடுதுங்க. உள்ளுக்குள்ள எங்கியாச்சும் கனன்றுகிட்டு இருந்தா அதுல தெரியுமாமுங்க."

கடைசி நாள் சோளக்காட்டில் முகாம். இளையவர்களில் நாற்பதாவதாக வரவேண்டியவர் லோடு ஏற்றிக்கொண்டு மலை இறங்கிவிட்டார். ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. சுமித்ராவிடம் போனில் கேட்டுக்கொண்டு, படிவத்தில் கையெழுத்துப் போட்டு, ரப்பர் பட்டையின் ஒரு முனையைப் பல்லில் கடித்து இழுத்து, தன் இடக் கையிலிருந்து தானே ரத்தம் எடுத்தாள். லேபிளை மூன்று முறை படித்தாள். அன்றோடு அதை மறந்தும் போனாள்.

நான்கு மாதம் கழித்து, செம்மேட்டுச் சந்தையில் அவரைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது சுமித்ராவிடமிருந்து போன் வந்தது. இளையவர்களின் நாற்பதாம் எண் டியூப்பில் லேபிள் மாறிவிட்டதா என்று கேட்டார். அழற்சியோடு சேர்ந்து ஏறும் துணுக்குகள் அதில்தான் மிக அதிகமாம். நூறு பேரிலும் அதுதான் உச்சம். ஒரு முதியவரின் ரத்தம் தவறி அந்த எண்ணில் வந்திருக்க வேண்டும், மாறிவிட்டது என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் கணக்கிலிருந்து நீக்கிவிடலாம் என்றார்.

காய்க்காரம்மா பையை நீட்டியபடி நின்றிருக்கிறார். கோகிலவாணிக்கு அது கண்ணில் படவில்லை. காது அடைத்துப்போனது, கூட்டத்தின் சத்தமே கேட்கவில்லை என்று, அவளைப் பற்றி எழுத வந்த என்னிடம் சொன்னாள். ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும்; லேபிளை மாற்றி ஒட்டினவள் என்ற பெயரோடு எல்லாம் முடிந்திருக்கும்.

"மாறலீங்க மேடம்" என்றாள். "அது என்னுதுங்க."



அடுத்த வாரம் சுமித்ராவே மலையேறி வந்தார். ஒரே ஓர் அளவை வைத்து நோய் என்று சொல்ல முடியாது, கருவியும் பிழை செய்யும் என்று பலமுறை சொன்னார். மடிக்கணினியில் வரைபடத்தைக் காட்டினார். கீழே நெருக்கமாக முப்பத்தொன்பது புள்ளிகள், நடுவில் சிதறலாக அறுபது. எல்லாவற்றுக்கும் மேலே தன்னந்தனியாக ஒன்று. கோகிலவாணி அதன்மேல் விரலை வைத்தாள். விரலை எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. மறுபடி ரத்தம் எடுத்தபோது சுமித்ராவுக்கு இரண்டு முறை நரம்பு தவறியது. குத்துப்பட்டவளே இடம் காட்டினாள்.

வீட்டில் கணவர் தனபாலிடம் சொன்னபோது, பிக்கப் வண்டி ஓட்டும் அந்த மனுஷர் வழக்கம்போலக் கேலி செய்தார். "அப்ப இனிமே உன்னைய அம்மாயின்னு கூப்புடட்டுமா?" என்று பாட்டி முறை வைத்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் அவருடைய சிரிப்பு நின்றுபோனது. அன்று அவர் சாப்பிடவில்லை.

மறுபரிசோதனையிலும் அந்த அளவு இறங்கவில்லை. கூடவே பார்த்த சாதாரணச் சோதனைகளில் வேறொன்று தெரிந்தது. ஆறுக்குள் இருக்க வேண்டிய மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி பதினொன்றைத் தாண்டியிருந்தது. ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சர்க்கரை பார்க்க ரத்தம் எடுத்தவள், தனக்கு ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. ஒல்லியாக இருப்பவளுக்குச் சர்க்கரை எங்கே வரப்போகிறது என்று நினைத்தாளாம். தாகத்தை நடை அலைச்சல் என்று எடுத்துக்கொண்டாள்.

நாமக்கல்லில் டாக்டர் எல்லாம் கேட்டுவிட்டு வாயைத் திறக்கச் சொன்னார். பார்த்த உடனே பக்கத்து அறைப் பல் டாக்டரை அழைத்தார். ஈறு பல்லைவிட்டு விலகி உள்ளே சீழ் கட்டியிருந்தது. விரல் வைத்ததும் நான்கு பற்கள் ஆடின. எத்தனை நாளாக ரத்தம் வருகிறது என்று கேட்டார்கள். பல் விளக்கும்போது ஆறு வருஷமாக வருகிறது, துப்பிவிட்டுக் கழுவிவிடுவேன் என்று அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். சொன்ன பிறகுதான் அது அவளுக்கே உறைத்தது.

இதை எனக்குச் சொல்லும்போது ஐஸ் பெட்டியின் மூடியைத் தடவிக்கொண்டே இருந்தாள். "அடுத்தவிய ரத்தம் ஒரு சொட்டு சிந்துனாலும் எனக்குத் தாங்காதுங்க. எம்பட ரத்தம் தெனமும் சாக்கடையில போயிருக்குது. நான் பாத்துக்கிட்டேதான் நின்னிருக்கறேன்."

சர்க்கரை ஈறுகளைக் கெடுக்கும், கெட்ட ஈறு சர்க்கரையை ஏற்றும், இரண்டும் சேர்ந்து உடம்பில் அழற்சியை அணையவிடாமல் வைத்திருக்கும் என்று டாக்டர் விளக்கினார். டியூப்பில் தெரிந்த உச்சத்துக்கு முழுக் காரணமும் அதுதானா என்பதற்கு அவரும் உறுதி சொல்லவில்லை, சுமித்ராவும் சொல்லவில்லை. நான்கு பற்களை எடுத்தார்கள். மீதி ஈறுகளைச் சுத்தம் செய்ய இரண்டு மாதம் ஆனது. வாரா வாரம் மலைப்பாதையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி ஏறினாள். மாத்திரையும் பத்தியமும் சேர்ந்து சர்க்கரையை ஏழுக்குக் கொண்டுவந்திருக்கின்றன. நாற்பதாம் எண்ணைச் சுமித்ரா நீக்கவில்லை. காரணக் குறிப்போடு அப்படியே வைத்திருக்கிறார்.

இப்போது செம்மேட்டில் இரண்டாம் சுற்று முகாம் நடக்கிறது. சின்னுசாமிக்கு அடுத்து பெருமாயி என்ற மூதாட்டி உட்கார்ந்தார். அழைத்துவந்தவள் மருமகள் கலைமணி, இருபத்தொன்பது வயது இருக்கும். ரத்தம் எடுத்து, லேபிள் ஒட்டி, பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டுக் கோகிலவாணி நிமிர்ந்தாள். கலைமணி பையை எடுத்துக்கொண்டு மாமியாரை எழுப்பினாள்.

"நீ உக்காரு கண்ணு."

பட்டியலில் தன் பெயர் இல்லையே என்றாள் கலைமணி.  கோகிலவாணி அவள் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தாள். கையுறையை மாற்றினாள். செல்போன் விளக்கைப் போட்டுக்கொண்டு தரையில் முழங்காலிட்டு, ஒரு விரலால் அவளுடைய மேலுதட்டை மெல்ல உயர்த்தினாள்.