ஆசாரம் என்று சொன்னோம்

பஸ் காவிரிப் பாலத்தில் ஏறும்போதுதான் எனக்கு அந்தச் சந்தேகம் வரும். கேஸ் சிலிண்டரை மூடினேனா? மூடியதைக் கண்ணால் பார்த்திருப்பேன். ஆனால் கண்ணை நம்ப முடியாது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ஸ்ரீரங்கத்துக்கே திரும்புவேன். ஆபீசில் சொல்வதற்குப் பொய்களே தீர்ந்துபோயின.

"நோக்கு என்ன பைத்தியமா?" என்று அம்மா திட்டுவாள்.

என்னோடு ஒரே பிரசவத்தில், எனக்குச் சற்று முன்னால் பிறந்த கோதையை அம்மா அப்படித் திட்டியதே இல்லை. பக்கத்து வீதியில் வாழ்க்கைப்பட்டவள். மடி (பிறர் தொடாமல் தனியே உலர்த்திய புடவை) உடுத்திய பிறகு யார் முந்தானை பட்டாலும் மறுபடி தலைக்குக் குளிப்பாள். பாத்திரத்தைக் கழுவிய தண்ணீரின் மேலும் அவளுக்குச் சந்தேகம். விரலிடுக்கெல்லாம் வெடித்திருக்கும். "கோதை தளிகைன்னா கண்ண மூடிண்டு சாப்பிடலாம்" என்று உறவில் அவளுக்கு ஏக மரியாதை. நானும் பெருமைப்பட்டேன்.

என் வேலை போய்விடும் என்ற நிலையில்தான் தில்லை நகரில் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்தேன். எனக்கு ஓ.சி.டி. (வேண்டாத எண்ணம் விடாமல் வந்து, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் நோய்) என்றார்.

"கூடப் பிறந்தவங்க யாருக்காவது இந்த மாதிரி இருக்குங்களா?"

"ட்வின் சிஸ்டர் இருக்கா டாக்டர். அவளுக்கு ஒண்ணும் இல்ல. ரொம்ப ஆசாரம், அவ்வளவுதான்."

"ஆசாரம்னா, என்ன பண்ணுவாங்க?"

சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் என் வாய் தானாக நின்றுவிட்டது.

எங்களைப் போல ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்கு மரபணுக்கள் (பெற்றோரிடமிருந்து வரும் உடற்குறிப்புகள்) ஏறக்குறைய ஒன்றே என்று அவர் விளக்கினார். ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வரும் வாய்ப்பு கூடுதல். வந்தே தீரும் என்றில்லை. வந்தாலும் ஒரே வேஷத்தில் வராது. எனக்கு சிலிண்டர், அவளுக்குத் தண்ணீர்.

அன்று மாலையே ஓடிப்போய்க் கோதையிடம் சொன்னேன். கொஞ்சம் நிதானித்திருக்கலாம்.

"அப்போ நான் இத்தனை வருஷம் பண்ணினதெல்லாம் பெருமாளுக்கு இல்லையா? வியாதிக்கா?" என்றாள். அதன் பிறகு வெகுகாலம் என்னோடு பேசவில்லை.

அவள் மாமனாரின் சிராத்தத்தன்று (இறந்தவருக்கு ஆண்டுதோறும் செய்யும் சடங்கு) தளிகை முடியவே இல்லை. யாரோ தொட்டுவிட்டார்கள் என்று வெந்த சோற்றைக் கொட்டினாள். மறுபடி குளித்து வடித்தாள், அதையும் கொட்டினாள். சடங்குக்கு வந்தவர்கள் பட்டினியோடு காத்திருந்தார்கள். அவளோ ஈரப் புடவையோடு கிணற்றடியில் நடுங்கிக்கொண்டு நின்றாளாம். அத்திம்பேர் (கோதையின் கணவர்) எனக்கு போன் செய்தார். "அந்த டாக்டர் பேரைச் சொல்லும்மா" என்றார்.

மருந்து, கூடவே பயிற்சி (பயப்படும் பொருளைத் தொட்டுவிட்டு, கழுவாமல் பொறுத்திருப்பது). அவள் அழுதுகொண்டே செய்தாள். பக்கத்தில் நானும் அழுதேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கலாம். திட்டு வாங்கிய நான் சீக்கிரம் மருத்துவரிடம் போனேன். புகழ் வாங்கியவளுக்கு அத்தனை வருஷமும் வீணாய்ப் போனது. அந்தப் புகழில் என் பங்கும் உண்டு என்பது இன்னும் என்னை அறுக்கிறது.

இப்போது பாலத்தில் சந்தேகம் வந்தால், அது என் உடம்பு பேசும் பேச்சு என்று தெரிகிறது; இறங்குவதில்லை. கோதையின் விரல்களும் ஆறிவிட்டன. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மறுபடி ஒரே கைகள்.

போன வாரம் போயிருந்தேன். காலையிலேயே தளிகை முடித்துவிட்டு, கூடத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"இத்தனை நேரத்த வெச்சுண்டு என்னடி பண்றது?" என்றாள்.

அவள் மகள் வேலைக்காகப் பெங்களூரில் இருக்கிறாள். ஸ்கூல் விட்டு வந்து கையை நீட்டியபோதெல்லாம் "கிட்ட வராதே, குளிச்சுட்டு வா" என்று கேட்டு வளர்ந்த பெண்.

கோதை தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அவளுக்கு ஒரு நாள்கூடத் தலை பின்னி விட்டதில்லடி. இப்ப முடிய பாப் கட் பண்ணிண்டுட்டா."