காலிப் பெட்டியோடு வாடிப்பட்டியும் ஒத்தக்கடையும்

வண்டியில் ஏறியவர்கள்: பட்டறை முதலாளி மோகன்ராம். அவருடைய அக்கா மகள் ஹரிணி, சாமான்களுக்கு வடிவம் அமைக்கிற படிப்பு படித்தவள். டிரைவர் பாண்டி, அதாவது நான். பின்னால் குளிர்பெட்டி ஒன்று. அதில் யாரும் இல்லை.

இறந்தவரைத் தூரத்து உறவு வந்து சேரும்வரை வைத்திருக்கும் பெட்டி அது. மேலே கண்ணாடி மூடி, உள்ளே விளக்கு, கால்மாட்டில் குளிர் மெஷின். கப்பலூரில் எங்கள் பட்டறை அதைச் செய்து விற்கிறது. வாடகைக்கு விடவும் இரண்டு உண்டு. கொண்டுபோய் இறக்குவது, திரும்ப ஏற்றுவது என் வேலை.

காலை 6.30. கப்பலூரில் கிளம்பினோம். மேலூரில் வாடகைத் தொழில் செய்கிற ஒருவர் நான்கு பெட்டி கேட்டிருந்தார். வெளியூர்ப் பெட்டி விலை குறைவாம். அதில் இல்லாதது உங்கள் பெட்டியில் என்ன இருக்கிறது, மறுநாள் சாயங்காலத்துக்குள் சொல்லுங்கள் என்றிருந்தார். பனி பிடிக்காத கண்ணாடி போடுவது என்று முதலாளி மனதில் முடிவு செய்துவிட்டார். பெட்டிக்குப் பதினோராயிரம் கூடுதல் செலவு. இந்த நாலும் கைவிட்டுப் போனால் பட்டறையில் ரிப்பேர் வேலை மட்டும்தான் மிச்சம். வெல்டர் இருவரையும் நிறுத்த வேண்டிவரும்.

முந்தின நாள் ஹரிணி கேட்டிருந்தாள். “வாங்குறவரக் கேக்குறீங்க. அழுதவங்களக் கேட்டீங்களா மாமா?”

“எழவு வீட்டுல போயி, பெட்டி எப்படி இருக்குன்னு கேக்கச் சொல்றியா?”

“இப்ப இல்ல. வருசம் திரும்புன வீடாப் பாத்து.”

வீடுகள் எனக்குத் தெரியும். போன் போட்டேன். இரண்டு வீட்டில் வரச் சொன்னார்கள். நான்கு வீட்டில் போனை வைத்துவிட்டார்கள்.

காலை 7.30. வாடிப்பட்டி. முப்பத்தாறு கிலோமீட்டர். துவரிமான் பக்கம் வைகைப் பாலத்தைத் தாண்டும்போது ஆற்றில் தண்ணீர் ஓரமாக ஓடியது. மற்ற நாளில் அதைப் பார்த்ததில்லை. பெட்டி வண்டி அவசரத்தில் போகும்.

தெரு முனையில் நிறுத்தினேன். சாவு இல்லாத வீட்டு வாசலில் இந்த வண்டி நிற்கக் கூடாது. தார்ப்பாய் போட்டு மூடித்தான் இருந்தது. இருந்தும் கண்டுகொண்டார்கள். குழாயடியில் நின்ற பெண்கள் மூவரும் குடத்தை வைத்துவிட்டு வந்தார்கள்.

“யாருண்ணே?”

“யாரும் இல்ல.”

“யாரும் இல்லாம எதுக்கு வந்தீக?”

“விசாரிக்க.”

“விசாரிச்சுட்டுத்தான் தூக்குவீகளோ” என்று ஒருத்தி சொன்னாள். மற்ற இருவரும் சிரித்தார்கள். ஆனால் வண்டி கிளம்பும்வரை யாரும் வீட்டுக்குள் போகவில்லை.

பெரியகருப்பன் தோப்பு வைத்திருப்பவர். அப்பா இறந்து ஒன்றரை வருடம். எங்களை நாற்காலியில் உட்காரவைத்துக் காபி கொடுத்தார். பெட்டி இறக்குகிற வீட்டில் நான் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. அன்று குடித்தேன்.

ஹரிணி அட்டைகளை எடுத்தாள். ஒரு முனையில் ‘அமைதி’, மறுமுனையில் ‘பதற்றம்’, நடுவில் ஏழு கட்டம். இன்னொன்றில் ‘நெருக்கம்’, ‘தூரம்’. பெட்டியைப் பார்த்தபோது மனசு எந்தக் கட்டத்தில் இருந்தது என்று தொட்டுக் காட்ட வேண்டும். காரும் நாற்காலியும் செய்கிற பெரிய கம்பெனிகள் இப்படித்தான் கேட்டு வடிவம் மாற்றுவார்களாம்.

அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுல எங்கப்பா செத்ததுக்கு எந்தக் கட்டம் தாயி?”

“அதுக்கு இல்லீங்கய்யா. பெட்டிக்கு.”

“பெட்டி நல்லா இருந்துச்சுன்னு எப்படிச் சொல்ல? அது வாயில வருமா?”

ஹரிணி அட்டையை மடியில் கவிழ்த்தாள். பிறகு அவரே சொன்னார்.

“எங்கப்பா நல்ல கறுப்பு. பெட்டிக்குள்ள நீலமாக் கெடந்தாரு. எந்தம்பி துபாயிலருந்து வந்து எட்டிப் பாத்துட்டு, இது யாருங்கிறான். கண்ணாடி வேற பனி மூடிக்கிச்சு. ஆளாளுக்குத் துண்டு வச்சுத் தொடைக்க. அப்பா மொகம் பாக்கத்தான் அவன் அம்புட்டு தூரம் வந்தான். ஒழுங்காப் பாக்கல.”

பனி என்றதும் முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். “அதுக்குத்தாண்ணே புதுக் கண்ணாடி போடப்போறோம்.” நீல விளக்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அது அவரே பார்த்துப் பார்த்துப் போட்ட விளக்கு. சுத்தமாகத் தெரியும் என்பார்.

எழுந்தபோது ஹரிணி பழக்கத்தில் சொல்லிவிட்டாள். “ரொம்ப நன்றிங்கய்யா. மறுபடி வாரோம்.”

பெரியகருப்பன் சம்சாரம் வாசல் நிலையில் நின்றிருந்தது. “நீங்க வராம இருந்தாலே போதும் தாயி” என்றது. ஹரிணி முகம் சுருங்கிப்போனது. அந்த அம்மா சிரித்து, ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்து அனுப்பியது. இந்தத் தொழிலில் வாரேன் என்று சொல்வதில்லை. பேசாமல் வண்டி ஏற வேண்டியதுதான்.

காலை 9.40. சமயநல்லூரில் டீ. மூன்று டீ, நான்கு வடை, எண்பத்தைந்து ரூபாய். முதலாளி வீட்டுக்குப் போன் போட்டு அவர்கள் பாஷையில், சௌராஷ்டிரத்தில், பேசினார். குரலில் தெம்பு இருந்தது. போனை வைத்துவிட்டு, “பாத்தியா, பனிதான் பிரச்சினை. நான் சொன்னேன்ல” என்றார்.

“வெளக்கச் சொன்னாரே மாமா.”

“அது ஒருத்தரு.”

“பனியச் சொன்னவரும் அதே ஒருத்தருதான்.”

நான் வடையைத் தின்றேன். அவள் அட்டைகளை ரப்பர் பேண்டு போட்டுப் பைக்குள் வைத்தாள். “மனசக் கேட்டா சொல்ல வரல. அடுத்த வீட்டுல கையக் கேட்டுப் பாக்குறேன்” என்றாள். எனக்குப் புரியவில்லை. முதலாளிக்கும் புரிந்த மாதிரித் தெரியவில்லை.

பரவை, கோரிப்பாளையம், மாட்டுத்தாவணி வழியாகப் போனோம். கோரிப்பாளையத்தில் இருபது நிமிடம் நின்றோம். பக்கத்தில் நின்ற ஷேர் ஆட்டோக்காரர் பெட்டியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். காலி என்று சொல்லலாமா என்று நினைப்பதற்குள் வண்டிகள் நகர்ந்தன.

காலை 11.15. ஒத்தக்கடை. வாடிப்பட்டியிலிருந்து முப்பத்தைந்து கிலோமீட்டர். புது வீடுகள் வரிசையாக வந்துகொண்டிருக்கிற இடம். மொட்டை மாடிகளுக்கு மேலே யானைமலை தெரியும். இரண்டாவது வீட்டுச் செல்வி, வீட்டிலேயே தையல் மெஷின் வைத்துத் தைக்கிறது. வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். பதினாலு மாதம் முன்னால் இறந்துபோனார். அந்த வீட்டில் பெட்டி ஒரு பகலும் ஒரு ராத்திரியும் இருந்தது.

ஹரிணி இப்படிக் கேட்டாள். “அன்னைக்கு நீங்க எங்கக்கா உக்காந்திருந்தீங்க? கைய எங்க வச்சிருந்தீங்க?”

செல்வி கத்தரிக்கோலைக் கீழே வைத்தது.

“எல்லாரும் அழுதாக. எனக்கு வரல. கண்ணாடில பனி பிடிக்கும். தொடச்சா மொகம் தெரியும். கொஞ்ச நேரத்துல மறுபடி மூடிக்கும். மறுபடி தொடைப்பேன். விடியுற வரைக்கும் அதான் செஞ்சேன்.”

முதலாளி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். “இனிமே அந்தக் கஷ்டம் இல்லம்மா. புதுக் கண்ணாடில பனியே பிடிக்காது. தொடைக்கவே வேணாம்.”

“அப்ப நான் என்ன செஞ்சிருப்பேன்?”

கோபமாகச் சொல்லவில்லை. தெரியாமல்தான் கேட்டது. முதலாளி மறுபடி பின்னால் சாய்ந்தார். வெளியே கல்லூரி பஸ் ஒன்று ஹாரன் அடித்துப் போனது.

“அவரு கையத் தொடணும்னு கேட்டேன்” என்றது செல்வி. “மூடியத் தெறந்தா குளிர் போயிரும்னுட்டாக. எழுதியும் ஒட்டியிருந்துச்சு. சரின்னு ஓரத்துல கைய வச்சுக்கிட்டேன். தகரம் சில்லுன்னு இருந்துச்சு.”

“எந்த இடம்னு காட்ட முடியுமாக்கா?”

நான் வேண்டாம் என்று கையாட்டினேன். செல்வி எழுந்து வந்துவிட்டது. தெரு முனையில் தார்ப்பாயை விலக்கினேன். பெட்டியை ஒரு சுற்றுப் பார்த்து, வலது பக்கத்தில், தலைமாட்டிலிருந்து பாதிக்குக் கொஞ்சம் மேலே, உள்ளங்கையை வைத்தது. கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. ஹரிணி தையல் சாக்பீஸை வாங்கி அந்தக் கையைச் சுற்றிக் கோடு போட்டாள்.

நாங்கள் ஒன்றும் சொல்லாமல் வண்டி ஏறினோம்.

மாலை 3.00. சுற்றுச்சாலை வழியாகக் கப்பலூர் வந்து சேர்ந்தோம். வழியில் சாப்பாடு, ஆளுக்கு நூற்றிருபது. முதலாளி சரியாகச் சாப்பிடவில்லை. பதினோரு வருடமாக இந்த வண்டியை ஓட்டுகிறேன். பெட்டியை இறக்குவேன், ஒயரைச் சொருகுவேன், ரோட்டோரம் போய் நின்றுகொள்வேன். நான் போன பிறகு அந்தப் பெட்டியோடு என்ன செய்கிறார்கள் என்று அன்றுதான் தெரிந்தது.

பட்டறையில் மஞ்சள் பல்பு ஒன்றை மாட்டினார்கள். முகம் எப்படித் தெரிகிறது என்று பார்க்க ஆள் வேண்டும். வெல்டர்கள் இருவரும் வெளியே போய்விட்டார்கள்.

“பாண்டி?” என்றார் முதலாளி.

படுத்தேன். மூடியைப் போட்டு முதலில் நீலம், பிறகு மஞ்சள் எரியவிட்டார்கள். மூடியை எடுத்ததும் ஹரிணி சொன்னாள். “நீலத்துல யாரோ மாதிரி இருந்தீங்கண்ணே. மஞ்சள்ல தூங்குற மாதிரி.”

“மஞ்சளே இருக்கட்டும்” என்றார் முதலாளி. சாக்பீஸ் கோட்டுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். “இந்த எடத்துல ஒரு கதவு வச்சா குளிர் போகும். ரப்பர் மடிப்புப் போட்டுத் தடுக்கணும். புதுக் கண்ணாடியும் இதுவும் சேத்துப் பண்ணா வெல கட்டாது. ஒண்ணுதான்.”

“கண்ணாடிய விட்டா வாடிப்பட்டிக்காரரு?” என்றாள் ஹரிணி.

“அவருக்குத்தான் வெளக்க மாத்தியாச்சுல்ல. பக்கத்துல ஒரு கொக்கி வையி. தொடைக்கிறதுக்குத் துண்டு தொங்கட்டும்.”

நான் இறங்கிக்கொண்டேன். கோட்டுக்குள் அவரே கட்டர் வைத்து அறுத்தார். ஏழு அங்குலம். ஓரத்தை ராவிவிட்டு என்னை மறுபடி படுக்கச் சொன்னார்கள். ஹரிணி வளையலோடு கையை விட்டாள். முழங்கையை மடக்க இடம் இல்லாமல் மாட்டியது. இன்னும் அறுத்தார். இந்தத் தடவை அவர் கையே உள்ளே வந்தது. என் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தது. வெல்டிங் தழும்பு உள்ள கை.

மாலை 5.50. மேலூர்க்காரருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் வைத்தார். மஞ்சள் விளக்கு, பக்கத்தில் கதவு, சாதாரணக் கண்ணாடி என்று சொல்லி முடித்தார். லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தார்.

“அண்ணே” என்றது போன். “அந்தக் கதவு எம்புட்டு அகலம்?”

முதலாளி டேப்பை வைத்துப் பார்த்தார்.

ஒன்பது அங்குலம்.