பேட்டரிக்குள் இருந்த சேறு

மலேசியாவின் சுங்கைப் பட்டாணியில் பேட்டரி சார்ஜ் செய்துகொடுத்த அந்த மனிதரின் பெயர் எனக்குத் தெரியாது. அமிலம் தின்று சல்லடையான சட்டை போட்டிருப்பார். எந்தப் பேட்டரியைக் கொடுத்தாலும் முதலில் அதன் விலாவை உள்ளங்கையால் தடவி வீக்கம் பார்ப்பார்.

எழுபதுகளில் எங்கள் ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயங்களில் மின்சாரம் இல்லை. பேட்டரியில் ஓடிய ஒரே டிவியும் ஒருநாள் தமிழ்ப் படத்தின் பாதியில் அணைந்துபோனது. மறுநாள் பேட்டரியை சைக்கிளில் கட்டிக் கொண்டுபோய், "சார்ஜ் ஏத்தாமலே ஏமாத்திட்டீங்களாண்ணே?" என்று சண்டைக்கு நின்றேன்.

அவர் மூடியைப் பெயர்த்துப் பேட்டரியைக் கவிழ்த்தார். கருஞ்சேறு கொட்டியது.

"சார்ஜ் எறங்கினா தகடு உப்பும், ஏறினா சுருங்கும் தம்பி. அதுலயே கொஞ்சம் கொஞ்சமா உதிரும். மிச்சத்த நீங்க கல்லு ரோட்டுல குலுக்கியே உதுத்திட்டீங்க. தோட்டத்துல தார் ரோடே இல்லையா?"

"தொர பங்களா முன்னாடி மட்டும் இருக்கு."

"அங்க தொரைக்கு மரியாதைன்னு சைக்கிள விட்டு எறங்கித் தள்ளுவீங்க. கல்லுல ஏறி ஓட்டுவீங்க. பேட்டரி எப்படி தாங்கும்லா?"

அவர் எங்கள் தோட்டத்துப் பக்கம் வந்ததே இல்லை. எந்தத் தோட்டத்தில் இறங்கித் தள்ளியவரோ, நான் கேட்கவில்லை.

புதுப் பேட்டரி ஒன்றை வாங்கிக்கொண்டு, வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே திரும்பினேன். துரை பங்களா வந்தது. என் கால் தானாக இறங்கியது.