பீரோவுக்குப் பதில் படம்

எங்கள் வீட்டு பீரோ அண்ணனிடம் இருக்கிறது. அதன் படம் தேனியில் என் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. நாலு டிராயர் வைத்த பழைய தேக்கு பீரோ அது. ஆத்தா செத்தபின் அதை எனக்குத்தான் தர வேண்டும் என்று கேட்டேன். அதன் அருமை தெரிந்தவன் நான் ஒருத்தன்தான் என்று எனக்கு எண்ணம்.

"கடைசிவரைக்கும் ஆத்தாளப் பாத்தவன் நானு. உனக்கு வேணும்னா படமா வரைஞ்சு மாட்டிக்க" என்றான் அண்ணன்.

ரோஷத்தில் அப்படியே செய்தேன். ஒரு டிராயிங் வாத்தியாரைக் காரில் ஏற்றிக்கொண்டு அண்ணன் இருக்கும் காமயகவுண்டன்பட்டிக்குப் போனேன். அண்ணன் பீரோவைத் திராட்சைத் தோட்டத்து மோட்டார் ரூமில் போட்டிருந்தான். மேலே உரமூட்டை, டிராயருக்குள் பூச்சிமருந்து பாட்டில்களாம்; வாத்தியார் பார்த்துவிட்டு வந்து சொன்னார். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை! மருந்து நாற்றம் தாங்காமல் நான் காரிலேயே ஏசி போட்டு உட்கார்ந்துகொண்டேன். வாத்தியார் ஒருமுறை வெளியே வந்து, "கீழ் டிராயர் மூட மாட்டேங்குது சார், துருத்திக்கிட்டு நிக்குது" என்றார். "மூடுன மாதிரியே வரைங்க, லட்சணமா இருக்கட்டும்" என்றேன்.

லட்சணமாகத்தான் வந்தது. வெறும் பென்சில்தான், ஆனால் மர ரேகை ஓடுவது தெரியும். பித்தளைக் கைப்பிடியில் வெளிச்சம் விழும் இடத்தில் தாளை அப்படியே வெள்ளையாக விட்டிருந்தார். வருகிறவர்களிடமெல்லாம் இதை விளக்குவேன். "போட்டோ மாதிரியே வரைஞ்சிருக்காக" என்பார்கள். அதற்குமேல் ஒன்றுக்கும் பாராட்டத் தெரியாது. ஒருவர் பக்கத்திலிருந்த டிவி எத்தனை இஞ்ச் என்று கேட்டார். இவர்களுக்குக் காப்பி கொடுத்ததே தண்டம் என்று நினைத்துக்கொள்வேன்.

போன மாதம் தன் மகள் கல்யாணப் பத்திரிகை வைக்க அண்ணன் வந்தான். வேட்டி புதுசு, நகக்கண்ணில் மட்டும் திராட்சைக்கு அடிக்கும் மயில்துத்த நீலம். தட்டைக் கொடுத்துவிட்டுப் படத்தின் முன்னால் போய் நின்றான். நான் நிழல், பென்சில் அழுத்தம் என்று ஆரம்பித்தேன். இவனுக்கு என்ன புரியப்போகிறது என்ற இளக்காரம் என் குரலிலேயே இருந்தது. மறைக்கவும் நினைக்கவில்லை.

அவன் குனிந்து பார்த்தான்.

"கீழ் டிராயர மூடிட்டாகளே."

"அப்பத்தான் பாக்க நல்லா இருக்கும்."

"அது என்னைக்குடா மூடுச்சு? உன்னோட ஸ்கூல் நோட்டு, ஹாஸ்டல்ல இருந்து போட்ட லெட்டரு, கிழிஞ்ச டவுசரு மொதக்கொண்டு ஆத்தா அதுலதான திணிச்சு வச்சிருந்துச்சு. ஒண்ணையாச்சும் எடுத்துப் போடுன்னா கேக்காது."

நான் படத்திலிருந்த கீழ் டிராயரைப் பார்த்தேன்.

"மருந்தெல்லாம் மேல மூணுலதான் வச்சிருக்கேன். கீழ உள்ளத நான் தொடல. அங்கனதான் கிடக்கு" என்றான். காப்பியைக் குடித்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினான்.

அன்றைக்குக் காரை நிறுத்திய இடத்திலிருந்து மோட்டார் ரூம் வாசலுக்கு இருபது அடிகூட இருக்காது. கழுதை, நான் இறங்கவே இல்லை.