முதலாளி வாங்கிப் போட்ட கதிரை

முதுகில் ஒப்பரேஷன் செய்து மூன்று மாதம் படுத்திருந்த பிறகு, லண்டன் ஸ்ட்ரெதத்தில் நான் வேலை செய்த பலசரக்குக் கடைக்குத் திரும்பிப் போனேன். மூட்டை தூக்கக்கூடாது, அதிக நேரம் நிற்கவும் கூடாது என்று டாக்டர் எழுதித் தந்திருந்தார். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு லண்டனில் இருந்த ஒரே சான்றிதழ் அந்த முதுகுதான். வேலை போய்விடும் என்றே நினைத்தேன்.

முதலாளி என்னைவிட ஆறு வயது இளையவர். காசு வாங்கும் மேசையில், டில்லடியில் புதுக் கதிரை ஒன்று போட்டிருந்தார், கைக்கும் முதுகுக்கும் மெத்தை வைத்தது.

"அக்கவுண்டன்ட் சொன்னவர் அண்ணை. வருத்தக்காரரை வேலைக்குத் திருப்பி எடுக்கச் செலவழிச்சால் டாக்ஸிலை கழிக்கலாமாம். இருங்கோ."

நான் இருக்கவில்லை. முதலாளி நிற்கும்போது எப்படி இருப்பது? அவர் வெளியே போனால் இருப்பேன். கதவில் தலை தெரிந்ததும் எழும்பிவிடுவேன். நாலாம் நாள் முதுகு பழையபடி பிடித்துக்கொண்டது. அவர் கண்டுவிட்டார்.

"இப்பிடி எழும்பி எழும்பி நிண்டால் திரும்பவும் ஆஸ்பத்திரிதான். பிறகு உங்களை வைச்சிருக்க என்னாலை ஏலாது."

"கூச்சமாக் கிடக்கு முதலாளி."

"கூச்சத்தை டாக்ஸிலை கழிக்க விடமாட்டாங்கள் அண்ணை."

கொஞ்சம் யோசித்தார். பிறகு ஒரு அரிசி மூட்டையை இழுத்து வந்து, என் பக்கத்தில் போட்டு அதன்மேல் இருந்தார். "இப்ப நானும் இருக்கிறன். இனி என்ன?"

நானும் இருந்தேன். ஆனால் அவர் என்னைவிடத் தாழ்வாக இருந்தார். அது அதைவிடக் கூச்சம். கதிரைக்குக் கீழே கையை விட்டு, உயரத்தை மாற்றும் கம்பியை அமத்தி, கதிரையைப் போகுமட்டும் கீழே இறக்கினேன். எங்கள் இரண்டு தலையும் மேசைக்குக் கீழே போய்விட்டன.

மணியடித்துக் கதவு திறந்தது. "கடையிலை ஒருத்தரும் இல்லையோ?" என்று ஒரு பெண் குரல்.

முதலாளி எழும்பினார். கடைக்குப் புதிதாக வந்த அம்மா ஒருவர். மேசைக்கு மேலால் எட்டி, கதிரையில் சாய்ந்திருந்த என்னைப் பார்த்தார். பிறகு மீன் பொதி ஒன்றை எடுத்து வந்து மேசையில் வைத்து, முதலாளியிடம், "தம்பி, உங்கடை முதலாளியைக் கேட்டு இந்த மீனிலை ஏதும் விலை குறைச்சுத் தாங்கோவன்" என்றார்.

முதலாளி சிரிக்கவில்லை. என் பக்கம் குனிந்து, "என்ன முதலாளி, குறைக்கவோ?" என்றார்.

எழும்பி உண்மையைச் சொல்லப் பார்த்தேன். அவ்வளவு தாழ்விலிருந்து என் முதுகால் எழும்ப ஏலவில்லை. வேறு வழியில்லாமல் தலையை ஆட்டினேன். அந்த அம்மா எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார். அன்று கடை பூட்டும்வரை நான் இருந்தபடியே வேலை செய்தேன்.