தராசுத் துணி

ஒரே வாரத்தில் எங்கள் பிள்ளைகள் வார்டில் நாலு பேருக்கு வயிற்றுப்போக்கு, வாந்தி. முதல் கட்டில் பிள்ளை மட்டும்தான் அதோடு வந்தது. மற்ற மூன்றும் சளி, இழுப்பு என்று வந்தவை. இங்கே வந்த பிறகுதான் பிடித்தது.

இது எண்பதுகளில். பினாங்கில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் அட்டெண்டன். ஆறாம் வகுப்பு வரைதான் படித்தேன்.

நாலாம் கட்டில் பிள்ளைக்குப் பத்து மாதம். தாய் சரோஜா, பாயான் லெப்பாஸில் ஒரு ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை. வார்டு சிஸ்டர் எல்லாருக்கும் முன்னால் அவளைப் பிடித்துக்கொண்டார்.

"பால் போத்தல ஒழுங்கா கொதிக்க வைக்கிறதில்ல. பவுடர் பூசிக்கிட்டு ஃபேக்டரி பஸ் ஏற மட்டும் நேரம் இருக்கு."

"கொதிக்க வச்சுத்தான் கொடுப்பேன், சிஸ்டர்."

"எல்லா அம்மாவும் இதைத்தான் சொல்றீங்க."

வார்டில் சேர்ந்த நாள் முதல் அந்தப் பிள்ளைக்குப் பால் எங்கள் பால் ரூமிலிருந்துதான் போனது. சிஸ்டருக்கும் அது தெரியும். 

தினமும் காலையில் பிள்ளைகளை நிறுப்போம். முதல் கட்டிலில் தொடங்கி வரிசையாக. தராசுத் தட்டில் ஒரு துணி. அந்தத் துணியோடு சேர்த்துத்தான் முள்ளைப் பூஜ்யத்தில் வைத்திருப்பார்கள்.

"துணிய மாத்தாத, லெச்சுமி. மாத்தினா திரும்ப செட் பண்ணணும். டாக்டர் வர்ற நேரத்துல யாரு செய்றது?" இது சிஸ்டரின் உத்தரவு.

துணி நனைந்தால் கிருமி கொல்லும் மருந்துத் தண்ணீரில் துடைத்துவிட்டு அடுத்த பிள்ளையைப் படுக்க வைப்பேன். வயிற்றுப்போக்கும் அதே வரிசையில்தான் பரவியது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.

டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது துணியையும் இந்த வரிசையையும் பற்றிச் சொன்னேன்.

சிஸ்டர் சிரித்தார். "நீ எப்ப டாக்டர் ஆன?"

"ஆகல, சிஸ்டர். துணி விரிக்கிறது நான்தான்."

டாக்டர் துணியைத் தூக்கிப் பார்த்தார்.  நாலு பிள்ளைகளின் மலத்தையும் லேப்புக்கு அனுப்பச் சொன்னார். மறுநாள் காலையில் லேப் தாள் வந்தது. நாலிலும் ரோட்டா என்ற ஒரே வைரஸ். "நம்ம மருந்துத் தண்ணிக்கு இது சாகாது. பிள்ளைக்குப் பிள்ளை துணி மாத்துங்க, சோப்பு போட்டுக் கை கழுவுங்க," என்றார் டாக்டர்.

சிஸ்டர் தாளை ஃபைலில் சொருகினார். சரோஜாவிடம் யாரும் சொல்லவில்லை.

மத்தியானம் அவள் பையைக் கட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளைக்குக் கண் குழி விழுந்து, உதடு காய்ந்து, கையில் டிரிப் ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றினால் தாங்காது.

"எங்க சைன் போடணும், அக்கா? வீட்டுக்குக் கொண்டு போறேன். இவங்க பேச்சு கேட்க முடியாதுலா."

"பையக் கீழ வை. உன் பால்ல ஒண்ணும் இல்ல. எங்க தராசுத் துணியில வந்த வைரஸ். விரிச்சது நான்."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை.

"காலையிலயே தெரியுமா?"

"தெரியும்."

"ஏன்க்கா ஒருத்தரும் சொல்லல?"

 அவள் பையை வைத்துவிட்டுப் பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் பிள்ளை தேறி, பால் கேட்டு அழுதது. சிஸ்டர் அந்தப் பக்கமே வரவில்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். பிள்ளைக்கு வார்டில் வயிற்றுப்போக்கு வந்தால் முதலில் உங்கள் கையைப் பாருங்கள். தப்பு நம்முடையது என்று தெரிந்தால், தாளை ஃபைலில் சொருகுவதற்கு முன்னால் தாயிடம் சொல்லுங்கள்.